நாச்சிமுத்துவின் ஐம்பத்தைந்து முழம்

நடு எது என்றே தெரியாதவன் ரேடியோவுக்கு ஏரியல் கம்பி கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாலு பேர் காதுபடச் சொன்னவன் நான். சொன்னது நாச்சிமுத்துவைப் பற்றி. அவன் காதுக்கும் அது போயிருக்கும். போகட்டும் என்றுதான் சொன்னேன்.

நான் இராமலிங்கம், தந்தி குமாஸ்தா. 1959-இல், எனக்குத் தெரிந்து, கொடைக்கானலில் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தது இரண்டே பேர்தான். முதலில் வாங்கியவன் நான். யுத்தத்தில் கழித்துப்போட்ட சாமான்களை வாங்கி நானே செட்டைக் கட்டி, வீட்டில் உட்கார்ந்தபடி கொழும்போடும் கோயமுத்தூரோடும் பேசினேன். இரண்டு வருஷம் அந்தப் பெருமை எனக்கு மட்டும்தான் இருந்தது. அப்புறம் பேத்துப்பாறைக்காரன் இந்த நாச்சிமுத்து வந்தான். பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்தவன். கடைவீதியில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டு, நாயுடுபுரத்தில் குடியேறி, லைசென்ஸும் வாங்கி, மூன்றாம் மாதமே மலேயாவோடு பேசினான். மலேயாவில் யாரோடு? என் தம்பி மணியனோடு.

வேறு எவனோடு பேசியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பேன். கூடப் பிறந்தவன் என்னோடு பேசாமல், வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஊரான் ஒருத்தனோடு சிரித்துச் சிரித்துப் பேசுகிறான். அதை நான் என் வீட்டிலேயே உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது. மணியன் ஈப்போவில் ஒரு கம்பெனியில் வயர்லெஸ் வேலையில் இருந்தான். மோர்ஸ் அடிக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான், எங்கள் ஊர் வடகவுஞ்சி வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் கரண்டியால் தட்டித் தட்டி. அந்த மணியன் நாச்சிமுத்துவை "அண்ணே" என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு அண்ணே போட்டான். எனக்கு வயிறு எரிந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது?

நான் ஏன் குறுக்கே புகுந்து பேசவில்லை என்று கேட்பீர்கள். கூப்பிட்டேன். வாராவாரம் எட்டே முக்காலிலிருந்து தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், மோர்ஸிலும் தட்டினேன். அவனுக்குக் கேட்கவில்லை. காரணம் என் கம்பி. ஒரு தைல மரத்துக்கும் பேரிக்காய் மரத்துக்கும் நடுவே அறுபத்தாறு அடிக் கம்பி, நட்டநடுவில் வெட்டி, இரண்டு துண்டிலிருந்தும் முறுக்கிய லைட் ஒயரை இறக்கிச் செட்டில் கொடுத்திருந்தேன். நாற்பது மீட்டர் அலைக்கு அது ராஜா. மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் தினம் சாயங்காலம் கூடுகிற அந்த நாற்பது மீட்டர் சபைக்கு நான்தான் தலைவர் மாதிரி. ஆனால் மலேயா கிடைப்பது இருபது மீட்டரில். அங்கே போனால் அதே கம்பியின் நடுப்பகுதி மின்சாரத்தை வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். செட் கொடுக்கிற சக்தியெல்லாம் லைட் ஒயரைச் சூடாக்குவதிலேயே போய்விடும்.

இருபது மீட்டருக்கென்று தனியாக இன்னொரு கம்பி கட்டலாம்தான். வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கம்பிக்கு மேல் ஒரு நூல் கட்டினாலும் இடி இறங்கிவிடும், வீட்டைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார். இருக்கிற கம்பியைப் பாதியாக வெட்டினால் மலேயா கிடைக்கும், ஆனால் என் சாயங்காலத் தலைமை போய்விடும். எனக்கு இரண்டும் வேண்டும்.

நாச்சிமுத்துவுக்கு இரண்டும் கிடைத்தது, பத்து மீட்டரும் சேர்ந்து கிடைத்தது. அவனுடையதும் ஒரே கம்பிதான். அதை அவன் வெட்டவே இல்லை. நடுவிலும் இல்லாமல் ஓரத்திலும் இல்லாமல், மூன்றில் ஒரு பங்கு தாண்டி ஏதோ ஓரிடத்தில் ஒற்றைக் கம்பியைப் பற்றவைத்து நேரே செட்டுக்கு இறக்கியிருந்தான். ரோட்டிலிருந்து பார்த்தாலே கோணலாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் டீக்கடையில் அந்தக் கேலி பேசினேன். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். அப்படி ஒரு முறை இருக்கிறது என்று ஒரு வரி போட்டிருந்தது. அளவு போட்டிருந்த பக்கம் கொடைக்கானல் ஈரத்தில் அடுத்த பக்கத்தோடு ஒட்டிப்போய், பிரித்ததும் கிழிந்துவிட்டது.

தம்பிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டால் தீருகிற விஷயத்துக்கு இத்தனை கம்பி எதற்கு என்று அன்னக்கொடி, என் மனைவி, கேட்பாள். கடிதத்தால்தான் வந்தது வினை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வடகவுஞ்சியில் அப்பா படுக்கையில் விழுந்தார். பதினோரு நாள் கிடந்தார். கஞ்சி ஊற்றியவன் நான், துடைத்துவிட்டவன் நான். மணியனுக்கு லீவு கிடைக்கவில்லை, கப்பலும் கிடைக்கவில்லை. அப்பா ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் "மணியன் வந்துட்டானா?" என்று கேட்டார். திறந்துகொண்டு வந்தது நான் என்று தெரிந்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கடைசி நாள் வரைக்கும் என் பெயர் அவர் வாயில் வரவில்லை. காரியம் முடிந்த அன்றைக்கு உட்கார்ந்து தம்பிக்கு எழுதினேன், அப்பா சாகும்வரை உன் பெயரை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை, உன்னை அவர் மறந்தே போனார் என்று. அப்படியே பச்சைப் பொய். அதற்கு அவன் பதில் எழுதவில்லை, அதற்குப் பிறகும் எழுதவில்லை. நான் மாற்றி எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதி எழுதிக் கிழித்ததுதான் மிச்சம். எழுத்தில் பொய் சொன்னவன் எழுத்திலேயே திருத்தினால் எது நிஜம் என்று அவன் எப்படி நம்புவான்? என் குரலில் சொன்னால் நம்புவான். அதற்கு என் குரல் ஈப்போ வரைக்கும் போக வேண்டும்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல அவன் வந்தான், நாச்சிமுத்து பதில் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையோடு சரி அண்ணே, நான் வேலை மாறிக் கடல் தாண்டிச் சரவாக் போகிறேன், செட்டை இங்கேயே ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன், அங்கே போய் எப்போது கட்டுவேனோ தெரியாது என்றான் மணியன். அதற்கு நாச்சிமுத்து ஏதோ தமாஷ் சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் ரிசீவரை அணைத்தேன். ஒவ்வொரு வாரமும் அப்படித்தான். அவர்கள் சிரிக்க ஆரம்பித்ததும் படக்கென்று அணைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றுவிடுவேன். அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஒரு வாரமும் நான் கேட்டதில்லை.

ஆக எனக்கு இருந்தது ஒரு வாரம். நாச்சிமுத்துவிடம் போய் அளவைக் கேட்டால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பான். கேட்பேனா நான்?

அவன் பெண்டாட்டி சண்முகவள்ளி பழனிக்காரி. கிரிவீதியில் தலைமுறையாகப் பூக்கடை வைத்திருக்கிற குடும்பம். வத்தலக்குண்டு பஸ்ஸில் வருகிற பூவை வாங்கிக் கட்டி, பஸ் ஸ்டாண்டு முகப்பில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள். திங்கட்கிழமை ஆபீஸ் விட்டதும் அவளிடம் போய் அஞ்சு முழம் மல்லி வாங்கினேன். வாங்கிக்கொண்டே, போன மாசக் காற்றில் உங்கள் வீட்டு ஏரியல் அறுந்ததாமே என்று பரிதாபமாக விசாரித்தேன். புருஷனைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல் மளமளவென்று சொல்லிவிட்டாள்.

"அறுந்தப்ப புதுக் கம்பியை நாந்தேன் அளந்து குடுத்தேன் சார். மொத்தம் அம்பத்தஞ்சு முழம். இந்தப் பக்கம் இருவது, அந்தப் பக்கம் முப்பத்தஞ்சு. அந்த எடத்துலதேன் கீழ வர்ற கம்பியப் பத்தவச்சாரு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

தந்தி ஃபாரத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். முழம் ஒன்றரை அடி. இருபது முழம் முப்பது அடி, முப்பத்தைந்து முழம் ஐம்பத்திரண்டரை அடி. மொத்தம் எண்பத்திரண்டரை. நாற்பது மீட்டருக்கு அறுபத்தாறு அடி என்பது எனக்கு மனப்பாடம். பதினாறரை அடி கூடுதலாக வருகிறதே என்று எந்த மனிதனும் யோசிப்பான். பொறாமைக்காரன் புத்தி எப்படிப் போகிறது பாருங்கள். ஓஹோ, இதுதானா சங்கதி, புத்தகத்தில் இல்லாத பதினாறரை அடியை ஒளித்துவைத்துக்கொண்டுதான் இந்தத் திருட்டுப்பயல் இந்த ஆட்டம் ஆடுகிறான் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பூவைத் தலையில் வைத்துக்கொண்ட அன்னக்கொடி, அஞ்சு முழம் என்று வாங்கினீர்களே, நன்றாக ஏமாந்தீர்கள், குறைகிறது என்றாள். மலேயாவைப் பிடிக்கப் போகிறவனிடம் மல்லிகைப்பூவைப் பற்றிப் பேசாதே என்று எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை லீவு போட்டு என் பழைய கம்பியை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேன். மரத்துக்கு மரம் அவ்வளவு நீளம் இடம் இல்லை. மிச்சத்தை மடக்கி அடுப்படிக் கூரைக் கட்டையில் இழுத்துக் கட்டினேன். வால்வு ஒன்று வாங்கி மாற்றினேன், நாச்சிமுத்து கடையில் இல்லை, வேறு கடையில்தான். சனிக்கிழமை மத்தியானம் இருபது மீட்டரில் செட்டைப் போட்டு மைக்கை வாய்ப்பக்கம் கொண்டுபோனதும் உதட்டில் சுரீர் என்று சுட்டது. செட்டின் தகரத்தைத் தொட்டால் விரலைக் கடித்தது. கம்பி வாங்காத சக்தியெல்லாம் திரும்பி வந்து வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. உதட்டில் அரிசி அளவுக்கு ஒரு கொப்புளம்.

அன்னக்கொடி விளக்கெண்ணெய் தடவிவிட்டபடி, பேசாமல் நாயுடுபுரம் போய் நாச்சிமுத்து அண்ணனையே கேட்டுவிட்டு வாருங்கள், எட்டி நடந்தால் அரை மணி என்றாள். இவளுக்கும் அவன் அண்ணன். அவன் வாசலை மிதிப்பதற்கு நான் இந்தச் செட்டை ஏரியில் கொண்டுபோய்ப் போடுவேன் என்றேன். போட்டால் சனியன் விட்டது என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே எழுந்து குளித்து செட்டின் முன் உட்கார்ந்தேன். எட்டரைக்கே கூப்பிட ஆரம்பித்தேன். மைக்கைக் கைத்துண்டில் சுற்றிப் பிடித்திருந்தும் கொப்புளம் எரிந்தது. வாசலில் அன்னக்கொடி சாமி படத்துக்கு வாங்கிய பூவை முழங்கையில் வைத்து அளந்துகொண்டு முணுமுணுத்தாள். நான் வாயை மூடு என்பதற்குள் அவள் பூவோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தச் சண்முகவள்ளி அளவப் பாருங்க. அஞ்சு முழம்ங்கிறா, என் கைக்கு நாலுதேன் இருக்கு. அன்னைக்கும் அஞ்சுக்கு நாலு, இன்னைக்கும் அஞ்சுக்கு நாலு. பூக்காரி முழத்தையும் ஊரு முழத்தையும் ஒண்ணுன்னு நெனச்சு வாங்குறீங்களே, ஒங்களச் சொல்லணும்."

மைக்கைக் கீழே வைத்தேன். அஞ்சுக்கு நாலு. அப்படியானால் ஐம்பத்தைந்துக்கு நாற்பத்திநாலு. நாற்பத்திநாலு முழம் அறுபத்தாறு அடி. என் அறுபத்தாறு அடி, தினம் நான் மனப்பாடமாகச் சொல்கிற அதே அறுபத்தாறு அடி. நாச்சிமுத்து எதையும் ஒளிக்கவில்லை. அவன் கம்பி புத்தகக் கம்பிதான், இருபத்துநாலாவது அடியில் பற்றவைத்திருக்கிறான், அவ்வளவுதான். பழனிப் பூக்காரியின் முழங்கையை வைத்து ரேடியோ கட்டின மடையன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

மணி எட்டு ஐம்பது. கம்பி வெட்டும் குறட்டையும் அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ரிசீவரை அணைக்கக்கூட நேரமில்லை. அதற்குச் சன்னலில் சுற்றிய ஆறடிக் கம்பித் துண்டு ஒன்று தனியாக இருந்தது, அது பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. வெளியே ஏரியலை இறக்கிப் புல்லில் போட்டு அளந்து வெட்டினேன். பற்றவைக்கக் கரி அடுப்பில் இரும்பைச் சுட வைத்தேன். மூடுபனியில் கம்பி நனைந்து கிடந்ததால் ஈயம் ஒட்ட மாட்டேன் என்றது. தம்பி வந்துவிட்டார் என்று அன்னக்கொடி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். வரட்டும், ஏற்றிவிட்டு வருகிறேன் என்று மறுபடி இரும்பைச் சுட வைத்தேன். கால் மணி போயிருக்கும். அன்னக்கொடி வாசலுக்கே ஓடிவந்தாள்.

"ஏங்க, வெரசா வாங்க. தம்பி ஒங்க பேரச் சொல்றாக."

உள்ளே போனேன். கரகரப்புக்கு நடுவே மணியன் பேசிக்கொண்டிருந்தான்.

"ராமலிங்கண்ணே, வழக்கம்போல இனி அஞ்சு நிமிசம் ஒங்களுக்கு. இதுதேன் கடைசி. நாச்சிமுத்தண்ணனும் பேச மாட்டாரு, நானும் பேச மாட்டேன். சும்மா கேட்டுக்கிட்டிருப்பேன்."

அப்புறம் இரைச்சல் மட்டும்தான் வந்தது. வழக்கம்போல என்றால் என்ன அர்த்தம் என்று அன்னக்கொடி கேட்டாள். ஏறக்குறைய ஆறு மாதம், வாராவாரம், கடைசி அஞ்சு நிமிஷத்தை எனக்கென்று ஒதுக்கிவைத்துவிட்டு ஈப்போவில் ஒருத்தன் ஹெட்போனைக் காதில் மாட்டியபடி உட்கார்ந்திருந்திருக்கிறான். நான் இங்கே ரிசீவரை அணைத்துவிட்டுக் கொல்லையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அஞ்சு நிமிஷம் முடிந்ததும் நாச்சிமுத்து பேசினான்.

"தந்தி சார், கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க? நீங்க கூப்புடுறது எனக்கு வாராவாரம் கேக்குது. தம்பிக்குத்தேன் எட்டல. நீங்க கூப்புடுறத நான் சொல்லித்தேன் தம்பி காத்துக்கிட்டிருக்காரு. தம்பி சொல்றதத்தேன் நீங்களே நேராக் கேக்குறீங்களே, நான் எடையில வந்து என்ன சொல்லன்னு இருந்துட்டேன். கோவத்த விட்டுட்டு எங்கிட்டச் சொல்லுங்க. நான் வாங்கி அப்பிடியே குடுக்குறேன்."

என் கம்பி புல்லில் கிடந்தது. அதை ஏற்றுவதற்குள் அலை மங்கிவிடும், தம்பி போய்விடுவான். இருந்தது சன்னல் கம்பித் துண்டு ஒன்றுதான். அதை ரிசீவரிலிருந்து பிடுங்கி டிரான்ஸ்மிட்டரில் செருகினேன். ஆறடிக் கம்பி கடல் தாண்டாது, நாயுடுபுரம் போகும். பேசும்போது இதில், கேட்கும்போது அதில் என்று அன்னக்கொடி மாற்றி மாற்றிச் செருகினாள். நாச்சிமுத்து என்று கூப்பிட்டேன். ஒரு வருஷத்தில் அவன் பெயரை அவனிடமே நான் சொன்னது அன்றைக்குத்தான். நன்றாகக் கேட்கிறது சார், சொல்லுங்கள் என்றான்.

சௌக்கியமா, போய்விட்டு வா என்று இரண்டு வார்த்தை சொல்லி முடித்திருக்கலாம். மூன்றாம் மனிதன் வாய் வழியாகச் சொல்கிற விஷயமா அது? அதுவும் இவன் வாய் வழியாக. ஆனால் இதைவிட்டால் சரவாக், அதற்கப்புறம் எந்தக் காலத்திலோ.

"தம்பிகிட்டச் சொல்லு. நான் எழுதின காயிதம் பொய்யி. அப்பா கேட்டது அவனத்தேன். அவன மட்டுந்தேன் கேட்டாரு."

நாச்சிமுத்து மலேயாவைக் கூப்பிட்டு, உங்கள் அண்ணன் சொல்கிறதை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன் என்று, ஒரு எழுத்துக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். மூன்று வருஷமாக என் வாயில் வராத வார்த்தை அவன் வாயில் எத்தனை நிதானமாக வந்தது! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷத்திலும் எனக்கு அவன்மேல் பொறாமைதான் வந்தது.

இரைச்சலுக்குள்ளிருந்து தம்பியின் குரல் வந்தது, சிரிப்பு இல்லாமல்.

"எத்தன தடவ கேட்டாரு?"

அதை நாச்சிமுத்து என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குக் கேட்டது என்று அவனுக்குத் தெரியும். கதவு திறந்தபோதெல்லாம் கேட்டார் என்று சொன்னேன். அவன் அதையும் கொடுத்தான்.

"அண்ணே" என்றான் மணியன். அதோடு நிறுத்திவிட்டான்.

நாச்சிமுத்துதான் பதில் சொல்வான் என்று காத்திருந்தேன். அந்த வார்த்தைக்கு ஆறு மாதமாகப் பதில் சொல்லி வருகிறவன் அவன்தான். சொல்லவில்லை. பத்து எண்ணும் நேரம் போயிற்று, இருபது எண்ணும் நேரம் போயிற்று. பதில் சொல்வதை அவன் எனக்கு விட்டுவிட்டான் என்பது அப்போதுதான் புரிந்தது. அன்னக்கொடி கம்பியை மாற்றிச் செருகி மைக்கை என் கையில் வைத்தாள். தம்பிக்குக் கேட்காது என்று தெரிந்தும் ஸ்விட்சை அழுத்தினேன். எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்திருந்தேன் என்று தெரியாது. விட்டதும் நாச்சிமுத்துவின் குரல் வந்தது.

"தம்பி, ஒங்க அண்ணன் வந்துட்டாரு. வார்த்த ஒண்ணும் வரல. அழுகுறாரு."

நான் அழவில்லை. கொப்புளத்தில் மைக் பட்டு எரிந்தது. அன்னக்கொடியிடம் இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.